எனாமலா, அக்ரிலிக்கா, லேக்கரா? சென்னைக் காற்றில் ஒரு ஹரிகேனுக்கு நிறம் ஏற்ற

பிளாஸ்டிக் மாடல் விமானங்களுக்கான பெயின்ட் டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தைச் சென்னையில் அப்படியே நம்ப முடியாது. ஐப்பசி மழையில் அது இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலிலோ, காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷின் முனையிலேயே பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் எனாமல், அக்ரிலிக், லேக்கர் மூன்றில் எந்த வகை நல்லது என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்வது பாதி கம்பெனி, பாதி கடற்காற்று.

ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஹாக்கர் ஹரிகேனின் 1/72 அளவு மாடலை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் நுனியிலிருந்து நுனிவரை 17 செ.மீ. தான். 1940 கோடையின் நிறங்கள்: மேலே டார்க் எர்த் (மண் பழுப்பு), டார்க் கிரீன், அடியில் ஸ்கை (வெளிர்பச்சை). NV என்ற எழுத்துகளைப் போட்டால் அது 79ஆம் ஸ்குவாட்ரன். மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளில் ஒன்று. ஹரிகேனைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் அதன் பின்னுடல். அது துணி போர்த்தியது; உள்ளிருக்கும் சட்டங்கள் துணிக்கு மேல் மெல்லிய வரிகளாகப் புடைத்திருக்கும். இந்தச் சிறிய அளவில் அந்த வரிகள் மயிரிழை உயரம்தான். பெயின்ட் கொஞ்சம் கனத்தாலும் மூழ்கிப்போகும். எந்த வகை ஜெயிக்கிறது என்பதை இந்த வரிகளே காட்டிக்கொடுக்கும்.

பிரஷ் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் எனாமல்தான். ஹம்ப்ரால் கம்பெனி எனாமலில் 29 டார்க் எர்த், 30 டார்க் கிரீன், 90 ஸ்கைக்கு. 14 மி.லி. டப்பா ஒவ்வொன்றும் பல விமானங்களுக்கு வரும். மெதுவாகக் காய்வதுதான் இதன் பலம்: பிரஷ் தடம் தானாகப் பரவி மறைய நேரம் கிடைக்கிறது. அதுவே பலவீனமும்கூட. ஈரமாக இருக்கும் நேரமெல்லாம் மின்விசிறி தள்ளும் தூசி வந்து ஒட்டும். அடித்த கையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், அடியில் மட்டும் சிறு இடைவெளி விட்டு. அடுத்த கோட்டுக்கு வெயில் காலத்தில் 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48.

எனாமலில் பெரும்பாலோர் தவறுவது கலக்குவதில். மேட் தன்மை (பளபளப்பின்மை) தரும் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். ஐஸ் குச்சியால் அடியைச் சுரண்டி ஐந்து நிமிடம் கலக்காவிட்டால் மேட் பெயின்ட் பாதி பளபளப்பாகக் காயும். நீர்க்க வைக்க ஹார்டுவேர் கடை மினரல் டர்பன்டைனே போதும். அதே கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கான கரைப்பான்) பெயின்ட்டில் ஊற்றிவிட வேண்டாம். பிளாஸ்டிக்கையே கரைக்கும், முதலில் போவது அந்தத் துணி வரிகள்தான். ஏர்பிரஷ் கழுவுவதோடு அதன் வேலை முடிகிறது.

அக்ரிலிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வயேஹோ (Vallejo), தமியா (Tamiya) என்ற இரண்டு கம்பெனிகளின் பெயின்ட்டும் வேறு வேறு சாதி. வயேஹோ தண்ணீரில் கரைவது, வாடை இல்லாதது, காக்பிட்டுக்கும் விமானி பொம்மைக்கும் அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் பிடிமானம் குறைவு. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது தோலாகக் கூடவே வந்துவிடும். ஏர்பிரஷில் 35 டிகிரி வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி முனையைத் துடைக்க வேண்டும். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில துளி விட்டால் கொஞ்சம் தாங்கும்.

தமியா ஆல்கஹாலில் கரையும் வகை. பிரஷால் அடிக்கவே கூடாத பெயின்ட் இது: இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கரைத்து இழுத்துத் திட்டுத்திட்டாக்கும். ஏர்பிரஷில் கதையே வேறு. XF-81 டார்க் கிரீன், XF-52 எர்த், XF-21 ஸ்கை. ஒரு பங்கு பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் (மெதுவாக ஆவியாகும் லேக்கர் தின்னர்), 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பி.எஸ்.ஐ. இந்தக் கலவை மெல்லியதாகப் படியும், நன்றாகக் கடிக்கும், துணி வரிகள் அப்படியே நிற்கும். XF-52 மட்டும் அசல் டார்க் எர்த்தைவிடச் சற்று இருட்டு. சில துளி மஞ்சள் சேர்த்தால் நெருங்கி வரும்.

அழகில் முதலிடம் லேக்கருக்குத்தான். மிஸ்டர் கலர் லேக்கரில் 369 (டார்க் எர்த்), 361 (டார்க் கிரீன்), 368 (ஸ்கை) மூன்றும் இதே பிரிட்டிஷ் நிறங்களுக்கென்றே வருபவை. கண்ணாடிபோல் மெல்லிய படலம், அரை மணியில் டேப் ஒட்டலாம். ஆனால் சென்னையில் இதற்கென்றே ஒரு நோய் உண்டு: வெள்ளை பூத்தல். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, பச்சை நிறம் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. வேகமான தின்னர் என்றால் இன்னும் மோசம். பூத்துவிட்டால் பதற வேண்டாம். லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய பனியாக மேலே தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இந்த ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். மூடிய ஏசி அறையில் ஈரம் குறைவுதான், ஆனால் ஆவி வெளியேற வழியில்லை. எக்ஸாஸ்ட் இல்லாத, சமையலறை பக்கத்திலிருக்கும் ஃபிளாட்டில் லேக்கரை எடுக்கவே கூடாது.

ஏர்பிரஷ் எதுவானாலும் கம்ப்ரஸருக்கு ஈரப் பொறி கட்டாயம். சூடாக வெளிவரும் காற்று குழாயில் குளிர்ந்து தண்ணீராகும். பொறி பிரஷ் பக்கம் இருந்தால்தான் அந்தத் தண்ணீரைப் பிடிக்கும். இல்லையென்றால் இறக்கை நடுவில் ஒரு சொட்டு துப்பும்.

நிறம் ஏற்றும் வரிசையில் மூன்றுக்கும் வித்தியாசமில்லை. பாத்திர சோப்பில் கழுவி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வியர்வை பட்ட இடத்தில் பெயின்ட் வழுக்கி விலகும். அடியில் ஸ்கை, பிறகு டார்க் எர்த், கடைசியில் பச்சை. பச்சையின் ஓரத்துக்கு ப்ளூ டாக்கை (மாவுபோல் பிசையும் ஒட்டுப்பசை) 3 மி.மீ. கயிறாக உருட்டி வைத்தால் லேசாக மங்கிய விளிம்பு கிடைக்கும்.

வகைகளைக் கலக்கும்போது ஒரு விஷயம். காய்ந்த எனாமல்மேல் லேக்கர் அடித்தால் சுருங்கி வெடிக்கும். எனாமல்மேல் டர்பன்டைன் வாஷ் (நிழல் காட்ட விடும் நீர்த்த நிறம்) போட்டால் அடி நிறம் கரையும். நடுவில் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட் வேண்டும். அந்த கிளாஸ், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்து, சின்னங்களான டெகாலுக்கும் தேவை, மேட் பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுங்கும். டெகாலை ஊறவைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வளையம் நிற்கும். கேன் தண்ணீர் போதும்.

ஆக, பிரஷுக்கு எனாமல், ஏர்பிரஷுக்கு லெவலிங் தின்னரோடு தமியா, காக்பிட்டுக்கு மட்டும் வயேஹோ. எதை எடுத்தாலும் கடைசி மேட் வார்னிஷும் ஈரத்தில் பூக்கும். கோடையில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய முற்பகல் நேரம் அதற்குச் சரி. மழை பிடித்துக்கொண்டால் வானம் வெளுக்கும்வரை கிளாஸோடேயே நிற்கட்டும்.