நீச்சல் குளத்தைச் சுற்றிப் பேவர் பிளாக்: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் தோட்ட வீட்டில் நீச்சல் குளம் கட்டிவரும் நண்பர், குளத்தைச் சுற்றிப் பேவர் பிளாக் (பூச்சு இல்லாமல் மணல்மேல் அடுக்கி, இடுக்கிலும் மணல் நிரப்பும் கான்கிரீட் கல்) பதிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் தோப்பு வீட்டுக் குளத்தைச் சுற்றிலும் அதுதான் பதித்திருக்கிறது. சென்ற மாதம் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்து மறுபடியும் பதிக்க நேர்ந்ததால், அதன் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல முடியும்.

கல்லில் குறை இல்லை. 60 மில்லிமீட்டர் கனமுள்ள கற்களில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. முதல் ஆண்டில் வெள்ளையாக உப்புப் பூத்தது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுபட்டுப் படிவதால் ஏற்படுவது அது, மழையிலும் தேய்ப்பிலும் தானாகப் போய்விட்டது. சித்திரை வெயிலில் அடர்சாம்பல் கல்லின் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது என்பதால் வெளிர்நிறம் எடுப்பது நல்லது.

என்னை ஓயாமல் எரிச்சலூட்டுவது குளத்தை ஒட்டிய முதல் மூன்று வரிசைதான். குளத்தின் சுவரைக் கட்டுவதற்காக அதைவிட அகலமாகக் குழி தோண்டுகிறார்கள். சுவர் எழும்பிய பின் சுற்றிலும் எஞ்சும் இடைவெளியில் தோண்டிய மண்ணையே தள்ளி மூடுகிறார்கள். அந்த மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமுசு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் விட்டு, மேலே ஒரே ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி மழை முடிந்ததும் அந்த மண் அமுங்கியது. அதன் மேலிருந்த கற்களும் இறங்கின. சுவரின் மேல் அமர்ந்திருக்கும் கருங்கல் விளிம்பு மட்டும் அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே குழந்தைகளின் கால்விரல் இடிக்கும் அளவுக்கு ஒரு படி உண்டாகிவிட்டது. வெளிப்பக்கமாக இருந்த தளத்தின் சரிவு உள்பக்கமாகத் திரும்பியதால், கனமழையில் தண்ணீர் அங்கே தேங்கி, கற்களின் இடுக்கிலிருந்த மணலையும் அரித்துக்கொண்டு விளிம்பைத் தாண்டிக் குளத்துக்குள் வழிகிறது. மறுநாள் காலையில் நீல ஓடுகளின் மேல் அந்த மணல் விசிறிபோலப் படிந்து கிடக்கும். அதை உறிஞ்சி எடுத்தபின் இடுக்குகளில் புது மணல் நிரப்ப வேண்டும். அடுத்த மழையில் அதுவும் குளத்துக்கே போகும்.

ஆனாலும் சென்ற மாத வேலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வடிகட்டியிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் பி.வி.சி. குழாயின் இணைப்பில் கசிவு. சிமெண்ட் தளமாக இருந்தால் உடைத்து, பூசி, ஆயுளுக்கும் ஒட்டுப்போட்ட தழும்போடு வைத்திருக்க வேண்டும். இங்கே கொத்தனார் இரண்டு ஸ்குரூ டிரைவர்களை இடுக்கில் செருகி முதல் கல்லை மட்டும் சிரமப்பட்டு நெம்பி எடுத்தார். மற்றவை கையோடு வந்தன. குழாயைச் சரிசெய்து, மண்ணை முறையாக இறுக்கி, மட்டப்பலகையால் மணலை இழுத்துவிட்டு அதே கற்களை அடுக்கினார். மாலைக்குள் எந்த இடத்தில் பெயர்த்தோம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தப் பகுதி மட்டும் இதுவரை அமுங்கவும் இல்லை.

இருந்தும் நண்பரிடம் பதிக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நேற்றிரவு பெய்த மழைக்குப் பின் குளத்தின் அடியைப் பார்த்துவிட்டு வந்து வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதையும் மீறிப் பதிப்பதானால், குளச்சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை போட்டு, அதற்கு வெளியே ஒரு வடிகால் வாய்க்கால் விட்டு, அதற்கும் அப்பால் கல்லைத் தொடங்கட்டும். ஒப்பந்தக்காரர் மண்ணை நிரப்பும் நாளில் நண்பரும் அங்கேயே நின்று ஒவ்வோர் அடுக்கையும் பார்த்துக்கொள்ளட்டும்.