ஊரில் பெற்றோருக்கு மெமரி டெஸ்ட்: மொத்த மார்க்கை மட்டும் வாங்கி வராதீர்கள்

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அப்பா அம்மாவை மாஸ்டர் செக்கப்புக்கு அழைத்துப்போவது வழக்கமாகிவிட்டது. முதியோர் பேக்கேஜ் சிலவற்றில் 'மெமரி டெஸ்ட்' என்றும் ஒரு வரி இருக்கிறது. எந்த டெஸ்ட், எந்த மொழியில் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற டெஸ்ட் என்றால் 30 மார்க், பத்து நிமிடம். தேதி, கிழமை, ஊர், மாடி என்று கேட்பதற்கே 10 மார்க் போய்விடும். நினைவில் வைத்துச் சொல்ல மூன்றே வார்த்தை. ரிட்டயர்டான ஆசிரியருக்கு லேசான மறதி இருந்தாலும் 29 வாங்கிவிடுவார். படித்தவர்களைச் சலிக்க இந்தச் சல்லடையின் கண் பெரிது.

2005இல் வந்த மோக்கா என்ற டெஸ்டுக்கும் 30 மார்க்தான், ஆனால் கடினம். ஐந்து வார்த்தைகளை ஐந்து நிமிடம் கழித்துச் சொல்ல வேண்டும், கனசதுரம் பார்த்து வரைய வேண்டும், 11 மணி 10 நிமிடம் காட்டும் கடிகாரம் போட வேண்டும். பெரிய முள்ளை 2க்குப் பதில் 10இல் வைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. 26க்குக் கீழே போனால் சந்தேகம் என்பார்கள். அதற்காக உடனே பதற வேண்டாம்: அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் பொதுமக்களிடம் எடுத்து 2011இல் வெளியான ஆய்விலேயே சராசரி 23 சொச்சம்தான்.

படிப்பு 12 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் மோக்காவில் ஒரு மார்க் கூட்ட வேண்டும். பழைய எஸ்.எஸ்.எல்.சி. 11 வருடம், பி.யு.சி. சேர்த்தால் 12, இரண்டுக்குமே அந்த மார்க் உண்டு. 'காலேஜ் போனவர்' என்று பி.யு.சி.காரருக்கு அதை விட்டுவிட வாய்ப்பிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கே அதிகம் போகாதவருக்கு மோக்கா பேசிக் என்று தனி வடிவம் இருக்கிறது.

மூன்று நிமிட மினி-காக் டெஸ்டில் மூன்று வார்த்தையும் ஒரு கடிகாரமும்தான். மொத்தம் 5, 3க்குக் கீழே என்றால் மேலே பார்க்க வேண்டும். அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் வருடா வருடம் ஒப்பிட உதவாது.

தமிழ் வடிவம் இருக்கும்போது ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு அங்கேயே வாய்மொழியாகத் தமிழ்ப்படுத்திக் கேட்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 'எஃப்' எழுத்தில் தொடங்கும் 11 வார்த்தையை ஒரு நிமிடத்தில் சொல்லும் மோக்கா கேள்வியை அப்படி மாற்றினால் அந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லை.

டெஸ்டை ரத்தம் கொடுத்த வெறும் வயிற்றோடு வைக்காமல் டிபனுக்குப் பிறகு வையுங்கள். படிக்கும் கண்ணாடி, காது மிஷின் இரண்டும் கையில் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எடுத்துக்கொடுத்தால் டெஸ்ட் கெட்டது; வெளியே இருங்கள்.

மார்க் குறைந்தால் ஸ்கேனுக்கு ஓடும் முன் பி12, தைராய்டு, சோடியம் பாருங்கள். மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்: தூக்க மாத்திரை, அரிப்புக்குப் போடும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாமே மந்தப்படுத்தும். மனச்சோர்வும் அப்படித்தான். அதே வாரம் வேறு ஆஸ்பத்திரியில் அதே தாளை வைத்தால் வார்த்தைகள் பழகிப்போய் மார்க் ஏறும். இதற்காகவே மோக்காவுக்கு மாற்றுத் தாள்கள் இருக்கின்றன. பகுதிவாரி மார்க், தாளின் எண், மொழி மூன்றும் உள்ள பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த லீவில் எதோடு ஒப்பிடுவது என்பது அதில்தான் இருக்கிறது.