சம்ப் நட்டில் ஒரு காந்தம்: நாலு வருட அனுபவம்

எங்கள் உழவு மிசின் பழைய மாசி பெர்குசன் 240 டிராக்டர். மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின், ஏறத்தாழ 7 லீற்றர் ஒயில் பிடிக்கும். கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம் எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டு காலபோகத்தில் கூலி உழவுக்கும் போகும். 2021இல்தான், ஒயிலில் கலக்கும் இரும்புத் தூளைப் பிடிக்கக் காந்தம் வைக்கும் விசர் எனக்குப் பிடித்தது.

முதலில் வைத்தது ஒயில் பில்டரில். பழுதாய்ப்போன கம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த இரண்டு காந்தங்களைப் பில்டரின் வெளிப்பக்கம் ஒட்டினேன். ஒன்று சேற்றுழவில் விழுந்து தொலைந்தது. மற்றது, ஒட்டும்போது விரலை நசித்த சாமான், ஒயில் மாற்றும் நாளில் இரண்டு விரலில் கழன்று வந்தது. சாதாரணத் தர நியோடைமியம் காந்தம் சூடு 80 பாகை செல்சியஸ் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். பாரம் இழுக்கும் எஞ்சினில் ஒயில் 90, 100 பாகைக்கு வந்துவிடும். பழைய பில்டரை இரும்பு வாளால் அறுத்துப் பார்த்தேன் (அறுத்த தூளும் உள்ளே விழும், ஏமாறக்கூடாது). காந்தம் இருந்த இடத்தில் பெருவிரல் நகமளவு கறுப்புப் பூச்சு, அவ்வளவுதான். பில்டரின் தகடும் இரும்பு என்பதால் காந்தத்தின் இழுவையில் கணிசமான பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது.

பிறகு காந்தம் பதித்த சம்ப் நட் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்பை அடைக்கும் நட், ஒயில் வடிக்கக் கழற்றுவது) ஒன்று வாங்கினேன். புரி பொருந்துகிறதா என்று பழைய நட்டைக் கையில் கொண்டுபோய்ப் பார்த்தே வாங்கவேண்டும். காந்தம் பசையால் ஒட்டியதென்றால் வாங்காதீர்கள், சூட்டில் கழன்று சம்ப்புக்குள் கிடக்கும். செம்பு வாசரையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். நான் ஒருமுறை பழையதையே போட்டு, விடிய எழும்பிப் பார்த்தால் கொட்டிலுக்குள் ஒயில் குளம்.

200 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவேன். நட்டைக் கழற்றினால் நுனியில் கண்மை போலக் கறுப்புப் பசை. விரலிடையில் உரசினால் வழுவழுப்பு, வெயிலில் பிடித்தால் மட்டும் மினுங்கும். அது தேய்மானத் தூள், பயமில்லை. கடதாசிப் பில்டருக்குத் தப்பிப் போகும் பொடியில் ஒரு பங்கு இங்கே பிடிபடுகிறது. விரலில் குத்துகிற சிலும்பு வந்தால்தான் யோசிக்கவேண்டும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலம், ஒயில் விலையும் எட்டாத உயரம்; 300 மணித்தியாலம் வரை இழுத்தேன். அப்போதும் பசை கூடியதே தவிரச் சிலும்பு இல்லை.

2023 சிறுபோகத்துக்குப் பிறகுதான் ஆட்டம் மாறியது. அதே 200 மணித்தியாலத்துக்குப் பசை இரண்டு மடங்கு, காந்தத்தின் விளிம்பில் மயிர் மயிராகக் குத்திட்டு நின்றது. அதை அப்படியே பழந்துணியில் சுற்றிக்கொண்டு மெக்கானிக் அண்ணையிடம் போனேன். காந்தம் சரியில்லையோ என்று கேட்டேன்.

"உது காந்தத்தின்ரை பிழையில்லைத் தம்பி. மிசின் மண் குடிக்குது" என்றார்.

ஏயார் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. சின்னவிரல் நுழையும். கிளிப் மறைத்தபடியால் எத்தனை மாதம் அப்படி ஓடியதோ! எங்கள் கிரவல் றோட்டுப் புழுதி முழுவதும் நேரே சிலிண்டருக்குள் போயிருக்கிறது. மண்ணைக் காந்தம் பிடிக்காது. அலுமினியப் பிஸ்டனின் தூளும் பெயாரிங்கின் செம்பும் ஈயமும்கூட அதற்கு அகப்படாது. ஆனால் அந்த மண் உரசித் தின்ற சிலிண்டர் லைனரும் பிஸ்டன் றிங்கும் இரும்பு, அவற்றின் தூள்தான் நட்டில் நின்றது. குழாயை மாற்றியபின் அடுத்த ஒயிலுக்குப் பசை பாதியாய்க் குறைந்துவிட்டது.

காந்தம் போட்டால் ஒயிலை நீண்ட நாள் விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒயில் கறுப்பதும் மெலிவதும் காந்தத்தால் நிற்காது. என்னைக் கேட்டால் முதலில் ஏயார் கிளீனரையும் குழாயையும் பாருங்கள், காசு மிஞ்சினால் நட். நட்டில் சிலும்பைக் காணும்போது தேய்மானம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். எங்கள் மிசின் இன்றைக்கும் காலையில் ஒயில் எரிந்த நீலப் புகை தள்ளித்தான் கிளம்புகிறது, 100 மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் ஒயில் மேலதிகமாக ஊற்றுகிறேன்.