சந்திரசேகர் ஒலித்தொடர்: கப்பல் வரை அருமை, சிகாகோ போனதும் அவசரம்

இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் ஒரு ஒலித்தொடர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் யோசிக்காமல் காசு கட்டிவிட்டேன். பத்து பாகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். பிளஸ் டூ படிக்கும் என் மகளும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஒன்றாகக் கேட்டு முடித்தோம். முதல் ஐந்து பாகங்களுக்காகவே இதை வாங்கலாம், ஆனால் பிற்பாதி என்னை ரொம்பவே ஏமாற்றிவிட்டது.

முதலில் பிடித்தது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு மதராஸுக்கு வந்து பிரசிடென்சி கல்லூரியில் பேசுகிறார். அவருடைய புத்தகத்தைத் தானாகவே படித்துக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் நேரே அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விடுகிறார். வயது பதினேழு பதினெட்டுதான். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்கிறார் பெரியவர். இடிந்துபோய் நிற்கும் பையனிடம், உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் புரூஃப் தாள்களைக் கொடுக்கிறார். இந்த இடத்தில் இசையை முழுசாக நிறுத்திவிட்டு, தாள் புரளும் சத்தத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஒரு தாள், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தாள். என் மகள் சாய்ந்து படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு தானே முட்டி மோதிக் கற்று அவர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது, அப்போது அவர் பட்டப்படிப்பைக்கூட முடிக்கவில்லை!

கப்பல் பாகமும் நன்றாக வந்திருக்கிறது. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் ஏறியவர், கேம்பிரிட்ஜ் போய்ச் சேரும் முன்பே, எரிந்து தீர்ந்த நட்சத்திரங்களைப் பற்றிய கணக்கில் இறங்கிவிடுகிறார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை ஈர்ப்பு விசை நசுக்குகிறது, சூரியன் அளவுக்கு எடை உள்ளது பூமி அளவுக்குச் சுருங்குகிறது, அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல டன் கனக்கும். அதற்கு மேல் நசுங்காமல் தாங்குவது எலக்ட்ரான்கள்தான். இதை விளக்க ஒரு விளையாட்டு அரங்கின் கேலரியைச் சொல்கிறார்கள்: ஒரு இருக்கையில் இரண்டு பேர் உட்கார முடியாது, கீழ் வரிசைகள் நிரம்பிவிட்டால் வருகிறவர்கள் மேலே மேலே ஏறித்தான் ஆக வேண்டும், மேல் வரிசை என்றால் அதிக வேகம். நான் பி.எஸ்சி இயற்பியல் படித்தவள், மூன்று வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை.

ஆனால் சரியாக அடுத்த படியில் கோட்டை விடுகிறார்கள். இப்படிச் சுருங்கிய நட்சத்திரம் இவ்வளவு எடைக்கு மேல் தாங்காது என்று சந்திரசேகர் கண்ட எல்லை ஏன் வருகிறது என்பதற்கு, கணக்கு அப்படிச் சொன்னது என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். கப்பலில் அவருக்குத் தோன்றியதே இதுதானே! நட்சத்திரம் கனமாக ஆக எலக்ட்ரான்களின் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒளியின் வேகத்தை அவை தாண்ட முடியாது. அந்த வேகத்தை நெருங்கிவிட்டால் அழுத்தம் முன்னைப்போல மளமளவென்று ஏறாது, ஈர்ப்போடு போட்டி போட முடியாமல் பின்தங்கிவிடும். அதனால்தான் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று ஒரு எல்லை. இன்னும் மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும், அந்தக் கேலரியை வைத்தே சொல்லியிருக்கலாம்.

கேம்பிரிட்ஜின் பெரிய வானியற்பியலாளர் எடிங்டன் வரும் பாகங்கள்தான் எனக்கு நெருடல். 1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டம். சந்திரசேகர் இந்த எல்லையைப் பற்றிப் பேசி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்து, ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று சொல்லி மறுக்கிறார், சபை சிரிக்கிறது. எல்லாம் நடந்ததுதான். பாவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் தனியே உன் பக்கம்தான் நியாயம் என்று சொல்லிவிட்டு வெளியில் வாய் திறக்காததையும் சொல்கிறார்கள், அது நல்லது. ஆனால் எடிங்டனுக்கு ஒரு கரகரத்த வில்லன் குரலைக் கொடுத்து, பின்னால் உறுமும் இசையைப் போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் சந்திரசேகரின் அறைக்கே அடிக்கடி வந்து கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தவர், கணக்குப் போடும் இயந்திரம் கிடைக்க உதவியவர். பேசுவதற்கு வழக்கமான கால் மணிக்குப் பதிலாக அரை மணி வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான். வலி அங்கேதான் இருக்கிறது, எதிரி அடித்ததில் இல்லை. சந்திரசேகர் கடைசிவரை எடிங்டனை மரியாதையோடுதான் பேசினார். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டுக்குக் கேம்பிரிட்ஜ் போய்ச் சொற்பொழிவு ஆற்றி, அவரைத் தன் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே சொன்னார். இது தொடரில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்புறம் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகம். அங்கிருந்து 1995இல் அவர் இறக்கும்வரை ஐம்பத்தெட்டு வருஷம், எல்லாம் ஒரே பாகத்தில், அதுவும் இருப்பதிலேயே குட்டியான பாகத்தில்! பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப்போய் இரண்டே மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார், அந்த லீயும் யாங்கும் 1957இல் நோபல் வாங்கினார்கள் என்ற கதையைச் சொல்லிவிட்டு, உடனே 1983க்குத் தாவி அவருக்கும் நோபல் என்று முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் மிக ஆச்சரியமான பகுதி இதுதான். ஒரு துறையை எடுத்துக்கொள்வார், பல வருஷம் அதிலேயே மூழ்கிக் கிடப்பார், தடிமனாக ஒரு நூல் எழுதுவார், அதோடு அந்தக் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நட்சத்திரங்களின் அமைப்பு 1939, கதிர்வீச்சு எப்படிப் பரவுகிறது என்பது 1950, பாய்மங்களின் நிலைப்பு 1961, கடைசியில் எழுபது வயதைத் தாண்டிக் கருந்துளைகளின் கணிதம். நடுவே 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். அவமானப்பட்ட இளைஞன் நோபல் வாங்கினான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஒரு மனிதர் எப்படித் திரும்பத் திரும்பப் புது மாணவராக ஆனார் என்பதைத்தான் நான் கேட்க உட்கார்ந்தேன். எல்லையைவிடக் கனமான நட்சத்திரம் என்ன ஆகும் என்று மகள் ஐந்தாம் பாகத்தில் கேட்டாள், பின்னால் வரும் என்றேன், வரவே இல்லை.

வீட்டு மனிதர்களும் இதே மாதிரிதான். அம்மா சீதாலட்சுமி நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர், மகன் கடல் கடந்து போன அடுத்த வருஷமே இறந்துபோனார், மகனால் வந்து பார்க்க முடியவில்லை. பிரசிடென்சியில் தானும் இயற்பியல் படித்த லலிதாவை 1936இல் மணந்தார். இரண்டு பேருக்கும் தொடரில் ஆளுக்கு இரண்டு வாக்கியம். இன்னொன்று, சி.வி. ராமனை இவருடைய மாமா என்று மூன்று இடத்தில் சொல்கிறார்கள்! அப்பாவின் தம்பி எப்படி மாமா ஆவார்? சித்தப்பா. தமிழில் ஒரு தடவை யாராவது உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தால் இது நின்றிருக்காது. வெண்குறு மீன், வெள்ளைக் குள்ளன், வெண்குள்ளன் என்று அந்தச் சுருங்கிய நட்சத்திரத்துக்கே மூன்று பெயர் வேறு, மகள் மூன்றும் வேறு வேறு நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசிப்பவரின் குரல் நல்ல குரல், அவசரம் இல்லை, ல ள ழ சுத்தம். பிளஸ் டூ அல்லது கல்லூரி முதல் வருஷப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், கூட உட்கார்ந்து கேளுங்கள், கேலரி இடத்தில் நிறுத்தி மீதியை நீங்களே சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சிகாகோ வருஷங்களை இன்னும் நான்கைந்து பாகமாகச் செய்து கொடுத்தால் மறுபடி காசு கட்டத் தயார், இதையே அவர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.