பகா எண்ணா என அறிய: வகுத்துப் பார்ப்பதா, மில்லர்-ராபின் சோதனையா?

2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் 4294967297 ஒரு பகா எண் என்றே பிரெஞ்சுக் கணிதர் பெர்மா நம்பினார். இத்தகைய எண்ணைச் சோதிக்க எந்த வழி ஏற்றது என்று தயங்குவோருக்கு இதுவே நல்ல உரைகல்.

உழைப்பு: வகுப்பவர், இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் முயல வேண்டிவரலாம். மில்லர்-ராபினிலோ, அடிமானம் எனப்படும் ஓர் எண்ணைத் தேர்ந்து, அதைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, நம் எண்ணால் வகுத்த மீதியைப் பார்க்கிறோம்; அந்த மீதி நம் எண்ணைவிட ஒன்று குறைவாக வந்தால் எண் தேறியதாகக் கொள்வோம். இதில் ஓர் அடிமானத்துக்கு 32 முறைக்கு மேல் வர்க்கப்படுத்த வேண்டியதில்லை.

விடை: வகுத்தல் காரணியையே தந்துவிடும், 1732-இல் கணிதர் ஆய்லர் 641 × 6700417 எனக் கண்டார். அவர் 641-ஐ எட்டிய விதம் வெறும் வகுத்தலினும் நுட்பமானது என்பதையும் சொல்ல வேண்டும். மில்லர்-ராபின் பகு எண் என்று மட்டுமே சொல்லும்.

நம்பகம்: வகுத்தலில் ஐயத்துக்கு இடமில்லை. மில்லர்-ராபினில் 2-ஐ அடிமானமாக எடுத்தால், 2, 4, 16, 256, 65536 என வர்க்கப்படுத்திச் செல்லும்போது ஐந்தாம் படியிலேயே நம் எண்ணைவிட ஒன்று குறைவான மீதி வந்துவிடுவதால், இந்தப் பகு எண் பகா எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. 3-ஐ எடுத்தால் அகப்பட்டுக்கொள்ளும். எனினும் 4759123141-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 2, 7, 61 ஆகிய மூன்று அடிமானங்களும் சேர்ந்தால் பிழையே நேராது.

பத்து இலக்கத்துக்குள், காரணியும் தேவையெனில் வகுப்பதே மேல். நூறு இலக்க எண்ணுக்கு மில்லர்-ராபினையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.