சூப்பர்வைசராக யாரைப் போடலாம்: மெஷின் தெரிந்தவரையா, மனசு தெரிந்தவரையா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர் இருந்தால் லைன் நிற்காது, அது பெரிய விஷயம்தான், பழுத்த பெங்களூரா பழம் யாருக்காகவும் காத்திருக்காதே. ஆனால் பழம் நறுக்கும் அக்கா ஒருவர் அரை மணி தாமதமாக வந்தால் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். மறுநாள் அந்த அக்காவோடு சேர்ந்து வரும் நாலு பேரும் பக்கத்து ஆலையில் இருப்பார்கள்.

இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, "என்னக்கா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார், அப்புறம் நாளைக்கு நேரத்துக்கு வரணும் என்பதையும் கறாராகச் சொல்வார். இந்தக் கறாரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1990-ல் உணர்வு நுண்ணறிவை வரையறுத்த உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும், தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, அதை வைத்து யோசித்து நடக்கும் திறன் என்றார்கள்; எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று சொல்லவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஷிப்ட் கடுப்பை ரசத்தில் உப்பில்லை என்று இறக்குகிறவர்கள் எத்தனை பேர்!

என் ஓட்டு இரண்டாமவருக்கு. பாய்லர் பக்கம் மட்டும் முதல் ஆளையே விடுங்கள், அது தன்மையாகப் பேசினால் கேட்காது.