வெளிநாட்டில் ஆள் எடுக்க ஈ.ஓ.ஆர். நிறுவனத்திடம் போகிறீர்களா? டெபாசிட் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காற்றாலை, சோலார் துறையில் வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருக்கும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். "அந்த நாட்டில் நீங்கள் கம்பெனி தொடங்க வேண்டாம். ஆளை மட்டும் தேர்ந்தெடுங்கள். சட்டப்படி முதலாளி நாங்கள். சம்பளம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் நிறுவனங்கள் இப்போது ஏராளம். 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு', சுருக்கமாக ஈ.ஓ.ஆர். என்பார்கள். இந்தத் தொழிலே மோசடி என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜெர்மனியில் எங்களுக்கு நடந்ததைக் கேட்டால், அடுத்தவர் கொஞ்சம் உஷாராக இருப்பார்.

எங்கள் தொழில் கோயம்புத்தூரில். பல்லடம், உடுமலை, முப்பந்தல் பக்கமுள்ள காற்றாலை பிளேடுகளை ட்ரோனில் படம் எடுத்து, எங்கே விரிசல், எங்கே இடி விழுந்திருக்கிறது, எங்கே விளிம்பு அரித்திருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுப்போம். வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் சில காற்றாலைப் பண்ணைகளை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். படம் எடுப்பதோடு கோபுரத்தில் ஏறிப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். இங்கிருந்து ஆள் அனுப்ப விசா இழுக்கும், மொழியும் பிரச்சினை. அங்கேயே இருக்கும் இரண்டு டெக்னீஷியன்களை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. ஈ.ஓ.ஆர். அப்படித்தான் உள்ளே வந்தது.

வீடியோ காலில் பேசிய விற்பனைப் பெண் நன்றாகவே பேசினார். உலகம் முழுக்க எங்களுக்குக் கிளை இருக்கிறது, ஜெர்மனியும் அதில் ஒன்று என்றார். தலைக்கு மாதம் இவ்வளவு கட்டணம், அதற்கு மேல் ஒன்றரை மாதச் சம்பளம் டெபாசிட். ஜெர்மனியில் முதலாளி தரப்பு சமூகக் காப்பீட்டுப் பங்கு சம்பளத்துக்கு மேல் ஏறத்தாழ 21 சதவீதம் வரும், அதையும் கணக்கில் காட்டினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டோம், பணம் போனது.

இரண்டு டெக்னீஷியன்களில் ஒருவர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர். முதல் மாதம் முடிந்ததும் அவர்தான் கூப்பிட்டார். "அண்ணை, சம்பளம் இன்னும் வரேல்ல. என்ர கொன்ட்ராக்டில இருக்கிற இந்தக் கொம்பனி ஆர்? உங்கட பேருமில்ல, நீங்கள் சொன்ன அந்தப் பேருமில்ல."

பார்த்தால், ஒப்பந்தம் வேறொரு ஜெர்மன் கம்பெனியின் பெயரில் இருந்தது. நாங்கள் பணம் கட்டிய நிறுவனத்துக்கு அங்கே கிளையே கிடையாது. உள்ளூர் 'பார்ட்னர்' ஒருவரிடம் வேலையைக் கைமாற்றி விட்டிருக்கிறார்கள். நாங்கள் டாலரில் கட்டிய பணம் இவர்களிடம் போய், இவர்களிடமிருந்து யூரோவாகி அந்தப் பார்ட்னருக்குப் போய், அதன் பிறகுதான் டெக்னீஷியனுக்குச் சம்பளம். நாங்கள் தேதி தவறாமல் கட்டியும் சம்பளம் தாமதமானதற்கு இதுதான் காரணம். மாற்று விகிதத்திலும் ஒரு தொகையை உருவியிருந்தார்கள். இன்வாய்ஸில் அதைத் தனியாகக் காட்டவில்லை. எங்கள் ஆடிட்டர் வங்கி விகிதத்தை வைத்து ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

சம்பளத் தாமதத்தோடு போயிருந்தால் சண்டை போட்டுச் சரிசெய்திருப்போம். பெரிய சிக்கல் வேறு.

ஜெர்மனியில் ஒருவர் வேலைக்கு வைத்திருக்கும் ஆளை இன்னொருவரின் கட்டளைக்குக் கீழ் வேலை செய்ய அனுப்புவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 1972-லிருந்து. ஈ.ஓ.ஆர். செய்வதும் பெரும்பாலும் அதேதான், பெயர்தான் புதிது. அப்படி அனுப்புகிறவருக்கு அந்நாட்டின் மத்திய வேலைவாய்ப்பு முகமையின் உரிமம் வேண்டும். முதலில் ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரே ஆளை ஒரே இடத்துக்கு 18 மாதம் வரைதான் பொதுவாக அனுப்பலாம். அந்த இடத்தின் சொந்த ஊழியருக்குச் சமமான சம்பளம் முதல் நாளிலிருந்தே தர வேண்டும், கூட்டு ஒப்பந்தம் இருந்தால் பொதுவாக முதல் 9 மாதம் வரை குறைத்துக் கொடுக்கலாம். 18 மாதம், 9 மாதம் என்ற இந்த இரண்டு வரம்பும் 2017 ஏப்ரல் திருத்தத்தில் வந்தவை, கூட்டு ஒப்பந்தம் இருந்தால் இவற்றிலும் சில மாறுதல்கள் உண்டு. முக்கியமானது இன்னொன்று: ஆளை அனுப்புகிற கம்பெனிதான் அவருக்கு நேரடி முதலாளியாக இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவருக்கு அனுப்பும் சங்கிலிக்குத் தடை. எங்கள் விஷயத்தில் நடந்தது அச்சு அசல் அந்தச் சங்கிலிதான்.

உரிமம் இல்லாதவரிடம் ஆள் எடுத்தால் அபராதம் அனுப்பியவருக்கு மட்டும் இல்லை, எடுத்தவருக்கும் 30,000 யூரோ வரை உண்டு. அது போக, அந்த ஊழியரின் சட்டபூர்வமான முதலாளி ஆளை எடுத்த கம்பெனியே என்று சட்டம் கருதும். "சட்டச் சிக்கல் எதுவும் உங்கள் பக்கம் வராது" என்று காசு வாங்கிவிட்டு, மொத்தச் சிக்கலையும் நம் மடியில் கட்டுகிற வேலை இது.

வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு உரிம நகலைக் கேட்டது. நாங்கள் ஈ.ஓ.ஆரிடம் கேட்டோம். முதலில் அவர்கள் அனுப்பியது பார்ட்னரின் கம்பெனிப் பதிவுச் சான்று. இது உரிமம் இல்லையே என்று திருப்பிக் கேட்டால், காலாவதியான உரிமத்தின் நகல் வந்தது. "புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி. விண்ணப்பித்த ரசீதைக் கேட்ட நாளிலிருந்து, எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கச் சொன்னார். இப்படி ஆள் மாற்றுவது இவர்களுக்கு ஒரு தந்திரமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

என் வயிற்றைக் கலக்கியது விபத்துக் காப்பீடுதான். ஜெர்மனியில் ஊழியரின் விபத்துக் காப்பீட்டுக்கு முழுப் பணமும் முதலாளிதான் கட்ட வேண்டும். வேலையின் அபாயத்தைப் பொறுத்துப் பிரீமியம் மாறும். எங்கள் ஆட்கள் 100 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறுகிறவர்கள். ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் போட்டிருந்த பதவி 'டெக்னிகல் கன்சல்டன்ட்', வேலை விவரத்தில் ஆபீஸ் வேலை. கோபுரம், ஏணி, உயரம் என்று ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று கேட்டோம். "எங்கள் சிஸ்டத்தில் இருக்கும் பதவிகளில் அதுதான் கிட்டத்தட்டப் பொருந்தியது" என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். யாராவது விழுந்திருந்தால் அந்த மெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காற்றாலைத் தொழிலாளருக்கான ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) பாதுகாப்புச் சான்றிதழிலும் இதே அலட்சியம். உயரத்தில் வேலை, முதலுதவி, தீ போன்ற பயிற்சிகளை 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் சைட்டுக்குள் விடமாட்டார்கள். இரண்டாவது டெக்னீஷியனுக்குக் காலாவதியாகிற நேரம். பயிற்சிக் கட்டணத்தைக் கட்டச் சொன்னால், அதற்கு மேல் 'நிர்வாகச் செலவு' கேட்டார்கள். அதையும் கொடுத்தோம். பதிவு செய்யவில்லை. அவர் கேட் வரை போய்த் திரும்பி வந்தார். அன்றைய கிரேன் வாடகை எங்கள் தலையில்.

கடைசியில் வாடிக்கையாளர் இருவரையும் சைட்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நாங்கள் ஒப்பந்தத்தை முறித்தோம். முறித்ததற்கு ஒரு கட்டணம். இருவரையும் நாங்களே நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும் அதற்கு ஒரு பெரிய கட்டணம், அதுவும் எங்களுக்கு அவர்களை எடுக்க உரிமையே இல்லை என்ற மிரட்டலோடு. ஜெர்மன் வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்டபோது, நியாயமான ஒரு தொகை கேட்கலாமே தவிர, வேலைக்கு எடுக்கவே கூடாது என்று தடுக்கும் பிரிவு அங்கே செல்லாது என்றார். அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு மிரட்டல் நின்றது. டெபாசிட்டில் பாதிதான் திரும்பி வந்தது. மீதிக்கு வழக்குப் போடலாம் என்றால், தகராறு எல்லாம் சிங்கப்பூரில் நடுவர் முன் தீர்க்கப்படும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கே போய் வர ஆகும் செலவு டெபாசிட்டை விட அதிகம். அந்தத் தொகையைக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பிரிவை எழுதியிருப்பார்கள் போல.

யாரும் எங்களுக்கு முதலில் சொல்லாத விஷயம்: ஜெர்மனியில் கிளை இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியும் நேரடியாக ஆள் எடுக்கலாம். வேலைவாய்ப்பு முகமையிடம் முதலாளி எண் வாங்கி, ஊழியரின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வழியாகச் சமூகக் காப்பீட்டுப் பணத்தைக் கட்டலாம். மாதச் சம்பளக் கணக்கை அங்கே ஒரு கணக்கரிடம் விட்டுவிட்டோம், ஈ.ஓ.ஆர். கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அங்கே நமக்கு நிரந்தர அலுவலகம் இருப்பதாக வரித்துறை கருதுமா என்பதை மட்டும் முன்கூட்டியே ஆடிட்டரிடம் பேசிவிட வேண்டும். ஈ.ஓ.ஆர். வழியாகப் போனாலும் அந்தக் கேள்வி தானாக மறைந்துவிடாது, அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாலும்.

ஆள் எடுக்கும் நாடு எதுவானாலும், ஊழியரின் ஒப்பந்தத்தில் முதலாளி என்று எந்தக் கம்பெனியின் பெயர் வரும், அந்தக் கம்பெனியின் உரிமம் எந்தத் தேதி வரை செல்லும், இந்த இரண்டையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். ஜெர்மனி என்றால் உரிமம் கொடுப்பது கீல், டூசல்டார்ஃப், நியூரம்பெர்க் அலுவலகங்கள். நகலில் எந்த அலுவலகம் என்று பாருங்கள். கட்டுமானக் கம்பெனிகளுக்குத் தொழிலாளரை இப்படி அனுப்ப அங்கே பொதுவாகத் தடை உண்டு, அடித்தள வேலை எடுத்திருப்பவர்கள் தனியாக விசாரியுங்கள். சவூதியில் சோலார் வேலை எடுத்தவர்களுக்கு இதே இடத்தில் 'அஜீர்' என்ற அரசு இணையதளம் வரும். வேறொரு முதலாளியின் பெயரில் இகாமா (தங்கும் அனுமதி) வைத்திருக்கும் ஆளை அந்தத் தளத்தில் அனுமதி இல்லாமல் சைட்டில் நிறுத்தினால் உங்களுக்கும் அபராதம்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், மீதி டெபாசிட் விஷயம் முடியாமல் சொல்வதற்கில்லை. ஒப்பந்த வரைவு கையில் இருந்து, இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் எழுதுங்கள். எந்தெந்தப் பிரிவில் எங்களைப் பிடித்தார்கள் என்று காட்டுகிறேன்.